புல்லின் வரலாறு – 9: வெள்ளைக்கும் நாணலுக்கும் பிறந்த பிள்ளை

பொங்கலன்று வாசலில் சார்த்தி வைக்கும் கரும்பைக் கடித்துப் பழகிய வாய்க்கு ஆலைக் கரும்பு வேறொரு பொருள். பொங்கல் கரும்பு பல்லுக்கு உடனே இணங்கும். தோல் நீள நீளமாக உரிந்து வரும். சக்கை மெத்தென்று இருக்கும். ஆலைக் கரும்பு ஈறைக் கிழித்துவிடும். கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டருக்குப் பின்னால் ஓடி ஒன்றை உருவிக் கடித்துப் பார்த்த பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். இரண்டும் கரும்புதான், இரண்டும் இனிக்கத்தான் செய்கின்றன. பிறகு ஏன் இந்த வேற்றுமை? பொங்கல் கரும்பு நாம் கடித்துச் சுவைப்பதற்கென்றே காலங்காலமாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த பழைய இனம். ஆலைக் கரும்பு, ஆற்றங்கரையில் தானாக முளைத்துக் கிடக்கும் நாணலின் வழி வந்தது. பல்லை நோகவைக்கும் அந்த நார் நாணல் கொடுத்த சீதனம். கரும்புக்கும் நாணலுக்கும் என்ன உறவு என்பதைக் கண்டுபிடிக்கத் தாவரவியலாளர்களுக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் கோயம்புத்தூரில் எழுதப்பட்டது.

சென்ற இதழில் நெல்லின் காட்டு உறவுகளைப் பார்த்தோம். இன்று புல் குடும்பத்தில் எண்ணப்படும் இனங்கள் 11,000-க்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இரண்டு பெருங்கிளைகளுக்குள் அடங்கிவிடும். நெல், கோதுமை, மூங்கில் எல்லாம் ஒரு கிளை. கம்பு, கேழ்வரகு, சோளம், மக்காச்சோளம், கரும்பு எல்லாம் மற்றொரு கிளை. புற்களுக்குள் இப்படி ஒரு பெரும்பிளவு இருப்பதை முதலில் உணர்ந்து சொன்னவர் ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்த கப்பலில் தாவரவியலாளராகச் சென்ற அவர், புற்களின் சிறுகதிர் அமைப்பை வைத்து அவற்றை இரண்டாகப் பிரித்தார். அவற்றில் ஒரு பிரிவு வெப்பமண்டலத்தையே அதிகம் நாடுகிறது என்றும் 1814-இல் எழுதினார். குரோமோசோம் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. அவர் கண்ட பிளவு பெருமளவுக்கு இன்றும் நிற்கிறது.

வெப்பமண்டலப் பிரிவுக்குள் ஆண்ட்ரோபோகோனியே என்றொரு கூட்டம் உண்டு. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். இந்தக் கூட்டத்தை நாம் நன்றாக அறிவோம். சோளம், மக்காச்சோளம், கரும்பு, எலுமிச்சம்புல், வெட்டிவேர் எல்லாம் இதைச் சேர்ந்தவை. (வெட்டிவேர் என்ற தமிழ்ச் சொல்தான் ஐரோப்பிய மொழிகளுக்கும் போய், வெட்டிவேரியா என்று ஒரு பேரினத்தின் பெயராகவே ஆனது.) இவற்றை ஒன்றாகச் சேர்க்கும் அடையாளம் கதிரில் இருக்கிறது. சிறுகதிர்கள் இரண்டிரண்டாக நிற்கும். ஒன்று காம்பில்லாமல் தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும், அதன் ஜோடி சிறு காம்பின் மேல் நிமிர்ந்து நிற்கும். ஒரு கைலென்ஸ் இருந்தால் நாணல் பூவிலும் சோளக்கதிரிலும் நீங்களே பார்க்கலாம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த எட்வர்ட் ஹாக்கல் இந்தக் கூட்டம் முழுவதையும் ஆராய்ந்து 1889-இல் பெரிய நூலாக வெளியிட்டார். இன்று இந்தக் கூட்டத்தில் ஏறத்தாழ 1,200 இனங்கள் அடக்கம்.

வெயிலைச் சாப்பிடுவதிலும் இவை தனி ரகம். கரும்பு இலைக்குள் கரியமிலவாயு நுழைந்ததும் முதலில் என்னவாகிறது என்பதை ஹவாயின் சர்க்கரைத் தோட்ட ஆய்வகத்தில் கோர்ட்சாக், ஹார்ட், பர் ஆகியோர் 1965-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான செடிகளில் மூன்று கார்பன் கொண்ட பொருள் முதலில் உண்டாகும். கரும்பில் நான்கு கார்பன் கொண்ட அமிலம் உண்டாகிறது. அடுத்த ஆண்டே பிரிஸ்பேனில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் அந்த வழியை வரைந்து காட்டினார்கள். கடும் வெயிலிலும் வாடாமல் சர்க்கரை சேர்க்கும் திறமை இதிலிருந்து வருகிறது. ஆண்ட்ரோபோகோனியே கூட்டம் முழுவதற்கும் இது பொதுச்சொத்து.

இனி கரும்புக்கு வருவோம். 1753-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் கரும்புக்கு சக்காரம் அஃபிசினாரம் என்று பெயர் வைத்தார். முதல் சொல்லின் வேர் நம் பக்கத்துச் சரக்கு. சமஸ்கிருதத்தில் பருக்கைக்கல்லைக் குறிக்கும் சர்க்கரா, கிரேக்கத்துக்குப் போய், லத்தீனுக்குப் போய், தாவரப் பெயராகத் திரும்பி வந்தது. நம்முடைய சர்க்கரையும் அதே சொல்தான். இரண்டாவது சொல்லுக்கு 'மருந்துக்கடைக்கு உரியது' என்று பொருள். ஐரோப்பாவில் சர்க்கரை நெடுங்காலம் மருந்துக்கடைச் சரக்காக இருந்ததன் நினைவு அது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1771-இல், நாணலுக்கும் அவரே பெயர் வைத்தார்: சக்காரம் ஸ்பாண்டேனியம், 'தானே முளைப்பது'. ஒன்றுக்குக் கடையை வைத்துப் பெயர், மற்றொன்றுக்கு அது யாருக்கும் சொந்தமில்லாததை வைத்துப் பெயர். ஆயினும் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்த கண்ணைப் பாராட்ட வேண்டும். இனிப்பைப் பார்க்காமல் பூவைப் பார்த்ததால் அவருக்கு அது வாய்த்தது.

நம் முன்னோரும் ஒரு வகைப்பாடு வைத்திருந்தார்கள். தின்னத் தகுந்தது புடலை. அதே உருவில் கசப்பது பேய்ப்புடல். சுரைக்குப் பேய்ச்சுரை. அப்படியே கரும்புக்குப் பேய்க்கரும்பு. கரும்பின் உருவில் நெடிதுயர்ந்து நின்று, இனிப்பு மட்டும் இல்லாத புற்களை அந்தப் பெயரால் அழைத்தோம். எந்த இடத்தில் பேய்க்கரும்பு இனிக்கிறதோ அங்கேதான் பட்டினத்தாருக்கு முக்தி என்றும், அது திருவொற்றியூரில் இனித்தது என்றும் சொல்லும் கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் குறைவு. ராமேசுவரத்தில் அப்துல் கலாமின் நினைவகம் அமைந்த இடத்துக்கும் பேய்க்கரும்பு என்றே பெயர். உறவைக் கண்ணால் கண்டு, உரிமையை நாக்கால் தீர்மானித்த பெயரிடல் இது. பிற்காலத்தில் உலகத் தாவரவியலாளர்களும் இதே கண்ணை நம்பித்தான் பலமுறை வழி தவறினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் கரும்புக்கு விதை கிடையாது என்றே பலரும் நம்பினார்கள். கரணை வெட்டி நட்டால் முளைக்கிறது, விதையை யார் தேடுவார்கள்? பார்படோஸ் தீவில் 1858-இலேயே விதையிலிருந்து முளைத்த கரும்பு நாற்றுகளை ஒருவர் கண்டு சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1880-களின் கடைசியில் ஜாவாவில் சோல்ட்வேடலும், பார்படோஸில் ஹாரிசன், போவெல் இருவரும் தனித்தனியே அதை உறுதிப்படுத்தினார்கள். விதை உண்டு என்றால் தாய் உண்டு, தந்தை உண்டு. கரும்பின் உறவுமுறையை வெறும் கண்ணால் ஊகிக்காமல் கலந்து பார்த்தே சோதிக்கலாம் என்ற நிலை அன்று பிறந்தது.

ஜாவாவுக்கு அது உயிர்ப் பிரச்சினையாக வந்து வாய்த்தது. அங்கே தோட்டம் தோட்டமாகக் கரும்பு குட்டையாகிப் புதர் புதராகக் கிடந்தது. அந்த நோய்க்கு செரே என்று பெயர். ஜாவா மொழியில் செரே என்றால் எலுமிச்சம்புல். நோய் கண்ட கரும்பு தன் தூரத்து உறவுக்காரியின் உருவத்துக்கு இறங்கிவிட்டது என்பதை அந்த ஊர் உழவர்கள் தங்கள் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் செரமாய் மலைச்சரிவில் காசூர் என்ற கரும்பு கிடைத்தது. மெலிந்தது, நார் மிகுந்தது, இனிப்பு சுமார். ஆனால் செரே அதைத் தொடவில்லை. அது எந்தக் குலம் என்று யாருக்கும் புரியவில்லை. பிரேமர் என்ற டச்சு ஆய்வாளர் 1920-களில் நுண்ணோக்கியின் கீழ் எண்ணிப் பார்த்தபோது அதற்கு 136 குரோமோசோம் இருந்தது. ஜாவாவின் தோட்டக் கரும்புக்கு 80. அந்த ஊர் நாணலான கிளாகாவுக்கு 112. பிள்ளைக்குத் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி வர வேண்டும். அந்தக் கணக்கில் 40-ம் 56-ம் சேர்ந்து 96 ஆகும். இங்கே கணக்கு உதைத்தது. 80-ம் 56-ம் சேர்ந்தால் மட்டுமே 136 வரும். அதாவது கரும்புத் தாய் தன் சொத்தில் பாதியைக் கொடுக்காமல், முழுவதையும் அப்படியே கொடுத்திருக்கிறாள்.

கரும்பின் வரலாற்றில் இதைவிட வியப்பான ஒன்றை நான் அறியேன். தோட்டக் கரும்பு தாயாகவும் நாணல் தந்தையாகவும் சேரும்போது இப்படி நடக்கிறது. காசூரைத் தோட்டக் கரும்போடு மீண்டும் மீண்டும் கலந்து, கிழக்கு ஜாவா ஆய்வு நிலையத்தில் யெஸ்வீட் 1921-இல் உருவாக்கிய பி.ஓ.ஜே. 2878 என்ற கரும்பு ஜாவாவின் தோட்டங்களை மீட்டது. இந்த முறைக்கு 'உயர்குடியாக்கல்' என்று பெயர் வைத்தார்கள். பருத்து, பளபளத்து, சாறு ததும்பும் கரும்பை டச்சுக்காரர்கள் உயர்குடிக் கரும்பு என்று அழைத்ததால் வந்த பெயர். அந்தப் பெயரை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே உயர்குடி செத்துக்கொண்டிருந்தது. காப்பாற்ற வந்தது ஆற்றங்கரைப் புல்.

இதே விடையைக் கோயம்புத்தூர் தன் வழியில் முன்பே எட்டியிருந்தது. 1912-இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. பொறுப்பு சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பரிடம். இந்தியக் கரும்பில் பெரும்பகுதி கங்கைச் சமவெளியிலும் பஞ்சாபிலும் விளைந்தது. அங்கே இருந்தவை விரல் தடிமன் மெல்லிய கரும்புகள்; பனியையும் வறட்சியையும் தாங்கும், சாறு கொஞ்சம். தெற்கின் தடித்த கரும்பை அங்கே நட்டால் குளிர்காலத்தைத் தாண்டாது. இரண்டையும் கலக்கலாம் என்றால் வடக்கே கரும்பு சரியாகப் பூப்பதில்லை, விதை பிடிப்பதில்லை. கோயம்புத்தூரில் கரும்பு தாராளமாகப் பூக்கும், விதையும் முளைக்கும். வடநாட்டு வயலுக்கான கரும்பு நொய்யல் கரையில் பிறக்க வேண்டியிருந்ததற்கு இதுவே காரணம்.

பார்பர் முதலில் செய்த வேலை வகைப்படுத்துதல். வட இந்தியக் கரும்புகளை ஊர் ஊராக வரவழைத்து நட்டு, கணுவின் நீளம், கண்ணின் வடிவம், இலையின் அகலம், தோகையில் உள்ள மயிர் என்று அளந்தார். தூரோடு தோண்டி எடுத்து மண்ணுக்கடியில் கிளை பிரியும் விதத்தையும் வரைந்தார். 1915 முதல் வெளிவந்த அவருடைய 'இந்தியக் கரும்புகள்' ஆய்வு வரிசையில் இவை எல்லாம் கிடக்கின்றன. முடிவில் அவற்றை ஐந்து கூட்டமாகப் பிரித்தார்: முங்கோ, சரேதா, சுன்னாபிலே, பன்சாஹி, நர்கோரி. பெயர்களைக் கவனியுங்கள். ஒரு லத்தீன் சொல்கூட இல்லை. உழவர்கள் வைத்திருந்த பெயர்களிலிருந்தே எடுத்தார். அடக்கமான, நேர்மையான வேலை அது. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் ஓர் ஒற்றுமை உண்டு என்று சொன்னாரே தவிர, இவை தனி இனங்கள் என்று அவசரப்பட்டு அறிவிக்கவில்லை. அவருடைய பெயரையே ஓர் இனத்துக்கு வைத்தது யெஸ்வீட். 1925-இல் ஐந்தில் நான்கு கூட்டங்களைச் சேர்த்து சக்காரம் பார்பரி என்றார். பன்சாஹியை மட்டும், 1796-இல் சீனாவிலிருந்து கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு வந்து ராக்ஸ்பர்க் பெயரிட்ட சக்காரம் சைனென்ஸ் என்ற சீனக் கரும்போடு வைத்தார்.

நிலையம் தொடங்கிய அதே 1912-இல் பார்பரும் அவருடன் பணியாற்றிய டி.எஸ். வெங்கட்ராமனும் சேர்ந்து ஒரு கலப்பைச் செய்தார்கள். தாய், வெள்ளை என்று தமிழில் பெயர் பெற்ற தடித்த கரும்பு. தந்தை, கோயம்புத்தூர் நாணல். செயலின் நுணுக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு கரும்புக் கதிரில் ஆயிரக்கணக்கான சிறுகதிர்கள், ஒவ்வொன்றும் எறும்பளவு. விதை கடுகைவிடச் சிறியது, பஞ்சு சுற்றியது, காற்றடித்தால் போய்விடும். ஒரு கதிரின் மகரந்தம் மற்றொன்றில் படாமல் காத்து, விதை சேர்த்து, தூவி, நாற்றெடுத்து, ஆண்டுக்கணக்கில் பொறுக்கி எடுக்க வேண்டும். அப்படி வந்தது கோ 205 என்ற கரும்பு. 1918-இல் பஞ்சாபுக்குப் போய், அங்கிருந்த கதா என்ற மெல்லிய கரும்பை வென்றது. உலகிலேயே உழவர்கள் வயலில் நின்று வென்ற முதல் கரும்பு–நாணல் கலப்பு அது. பிற்பாடு அதன் குரோமோசோம்களை எண்ணியபோது 112 வந்தது. வெள்ளைக்கு 80, கோயம்புத்தூர் நாணலுக்கு 64. தாயின் 80 முழுதாக, தந்தையின் பாதி 32. ஜாவாவில் கண்ட அதே கணக்கு.

நாணல் கலந்தால் கரும்பு கெட்டுவிடும் என்று நினைப்பதுதான் இயல்பு. களைக்குப் பெண் கொடுப்பதா என்ற தயக்கத்தை மீறிய அந்த இருவரும் இந்திய உழவின் வரலாற்றில் பெரிய துணிச்சல்காரர்கள். பார்பருக்குப் பின் நிலையத்தை நடத்திய வெங்கட்ராமன் இன்னும் தொலைவுக்குப் போனார். கரும்பைச் சோளத்தோடு கலந்தார். பெரிய மஞ்சள் என்ற கோவை வட்டாரச் சோளமே அதற்குத் தந்தை. மூங்கிலோடும் கலந்ததாக 1930-களில் அறிவித்தார். மூங்கில் மற்றொரு பெருங்கிளையைச் சேர்ந்தது என்று தொடக்கத்தில் சொன்னேன். அந்தக் கலப்பு உண்மையில் நடந்ததா என்ற ஐயம் பின்னாளில் வலுத்தது. சோளக் கலப்பைப் பற்றி அப்படி ஐயமில்லை. கலக்க முடிவதும் முடியாமல் போவதும் உறவின் தூரத்தை அளக்கும் கோலாக மாறின.

அந்தக் கோலை மிகத் திறமையாகக் கையாண்டவர் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆன இ.கே. ஜானகி அம்மாள். 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூரில் மரபியலாளராக இருந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும், இம்பெராட்டா என்ற புல்லோடும், பேய்க்கரும்பு வகையான எரியாந்தஸோடும் கலந்து, பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் குரோமோசோம்களையும் எண்ணிப் பதிவு செய்தார். மக்காச்சோளக் கலப்பைப் பற்றிய அவர் குறிப்பு 1938-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. நாணல் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் எத்தனை வேறுபாடு என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். பிறகு பஞ்சே, பாபு என்ற ஆய்வாளர்கள் இந்தியாவுக்கு உள்ளேயும் வெளியேயும் திரட்டிய நாணல்களை ஆராய்ந்து 1960-இல் வெளியிட்டபோது முழுப் படம் தெரிந்தது. இமயமலை அடிவாரத்தில் 40 குரோமோசோம் கொண்ட நாணல் உண்டு; 128 கொண்டதும் உண்டு. இந்தியாவில் அதிகம் காணப்படுவது 64. மனிதருக்கு எந்த நாட்டில் எண்ணினாலும் 46. நாணலுக்கு ஊருக்கு ஊர் வேறு கணக்கு, ஆனாலும் அத்தனையும் நாணல்.

ஜானகி அம்மாள் 1940-இல் லண்டன் போனார். டார்லிங்டன் என்ற குரோமோசோம் ஆய்வாளருடன் சேர்ந்து அவர் எழுதிய பயிர்த் தாவரக் குரோமோசோம் தொகுப்பு 1945-இல் வெளிவந்து உலகெங்கும் கைநூலானது. அதில் பயிர்களின் உறவைப் பார்த்த பார்வைக்குக் கோயம்புத்தூர் நாணல் புதர்களே முதல் பாடசாலை என்பது என் எண்ணம்.

நாணல் அழகில் குறைந்ததன்று என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் அக்காள் துர்காவும் தம்பி அப்புவும் ரயிலைப் பார்க்க ஓடும் வெண்பூக் காடு நாணல் காடுதான். வங்கத்தில் அதைக் காஷ் என்பார்கள். முதல் நாள் படப்பிடிப்பு முடிந்து, அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் மாடுகள் மேய்ந்து பூக்களே இல்லை. மறு பருவம் வரை ராய் காத்திருந்து மிச்சத்தை எடுத்தார்.

தந்தை நாணல் ஆசியா, ஆப்பிரிக்கா எங்கும் பரந்து கிடக்கிறது. தாயின் பிறந்த வீடு எது? தோட்டக் கரும்பான அஃபிசினாரம் காட்டில் எங்கும் தானாக முளைப்பதில்லை. 1928-இல் அமெரிக்க வேளாண் துறையின் பிராண்டஸ், யெஸ்வீட் உள்ளிட்ட குழுவினர் நீரில் இறங்கும் விமானத்தில் நியூகினி முழுக்கச் சுற்றினார்கள். வீட்டைச் சுற்றிய கொல்லைகளில் மக்கள் கடித்துத் தின்பதற்காக வளர்த்த கரும்புகள் வண்ண வண்ணமாக நின்றன. ஆற்றோரங்களில் அதே உருவில், அதைவிட உயரமாய், மரம்போல் இறுகிய ஒரு காட்டுக் கரும்பு நின்றது. அதற்குப் பின்னர் சக்காரம் ரோபஸ்டம் என்ற பெயர் கிடைத்தது. இந்த முரட்டுக் கரும்பிலிருந்து இனிப்பானவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி நட்டு நியூகினி மக்கள் உருவாக்கியதே அஃபிசினாரம் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. நம்முடைய புறநானூற்றின் 99-ஆம் பாட்டில், அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் பாடியிருக்கிறார். கரும்பு இந்த மண்ணில் தோன்றியது என்று சொல்லாமல், கொண்டுவரப்பட்டது என்று ஒரு சங்கப் பாட்டு நினைவு வைத்திருப்பது என்னை எப்போதும் நெகிழ வைக்கும்.

1957-இல் முகர்ஜி என்ற இந்தியத் தாவரவியலாளர் எல்லா நூல்களையும் ஒரே முடிச்சில் கட்டினார். சக்காரம், எரியாந்தஸ், ஸ்கிளெரோஸ்டாக்கியா, நரெங்கா என்ற நான்கு பேரினங்களும் தங்களுக்குள் கலந்து கலந்தே கரும்பு உருவானது என்று சொல்லி, அந்தத் தொகுதிக்குச் சக்காரத் திரள் என்று பெயரிட்டார். 1975-இல் டேனியல்ஸ் குழுவினர் அதில் மிஸ்காந்தஸையும் சேர்த்தார்கள். அழகான கருத்து. ஒரு தலைமுறை முழுவதும் பாடப்புத்தகங்களில் இருந்தது.

அதைக் கலைத்தது டி.என்.ஏ. பிரான்சின் மோன்பெலியே நகரில் ஆஞ்சலிக் டி ஹோன்ட்டும் உடனிருந்தவர்களும் நாணல் குரோமோசோம்களுக்கு ஒரு நிறமும் அஃபிசினாரத்துக்கு மற்றொரு நிறமும் ஏற்றிப் பார்க்கும் முறையைக் கரும்பில் கையாண்டார்கள். 1996-இல் வெளிவந்த முடிவின்படி, இன்றைய ஆலைக் கரும்பின் குரோமோசோம்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு அஃபிசினாரம், 10 விழுக்காடு நாணல், மீதி 10 விழுக்காடு இரண்டும் துண்டு துண்டாக ஒட்டியவை. அடிப்படை எண்ணும் வேறு என்று 1998-இல் காட்டினார்கள்: அஃபிசினாரத்துக்கு 10, நாணலுக்கு 8. 2002-இல் பார்பரி, சைனென்ஸ் இரண்டையும் அதே முறையில் பார்த்தார்கள். இரண்டிலும் இரு நிறங்கள் தெரிந்தன. அவை தனி இனங்களே அல்ல; நியூகினியிலிருந்து மேற்கே வந்த கரும்பு, வழியிலே நாணலைச் சந்தித்துப் பிறந்த பழங்கலப்புகள். பார்பர் கோயம்புத்தூரில் கையால் செய்ததை, வட இந்திய வயல்களும் சீனத்து வயல்களும் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே தாமாகச் செய்திருந்தன. அலெக்சாந்தரின் தளபதி நியார்க்கஸ் இந்தியாவில் கண்டு, தேனீ இல்லாமல் தேன் தரும் நாணல் என்று வியந்ததும் இத்தகைய மெல்லிய கரும்பாகவே இருக்க வேண்டும். பார்பர் ஐந்தையும் இனம் என்று சொல்லாமல் கூட்டம் என்றே நிறுத்திக்கொண்டது எவ்வளவு சரி என்பது அன்று விளங்கியது.

எரியாந்தஸின் கதி இன்னும் கடுமை. கரும்புக்கு நெருங்கிய உறவு என்று நம்பி, அதன் நோய் எதிர்ப்பையும் வறட்சி தாங்கும் வலுவையும் வாங்கப் பல நாடுகள் பல ஆண்டுகள் உழைத்தன. பழைய உலகத்து எரியாந்தஸ் இனங்களின் டி.என்.ஏ. வேறு கிளையைக் காட்டியது. இப்போது அவற்றை டிரிபிடியம் என்று தனிப் பேரினமாகவே வைத்துவிட்டார்கள். கரும்புபோல் நிற்கிறது என்பதால் உறவு என்று எண்ணிய கண்ணை, அது ஏமாற்றியது. மிஸ்காந்தஸ் நெருங்கிய உறவாகத் தேறியது. அதன் குலமும் கரும்பின் குலமும் பிரிந்து சில பத்து லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. சோளம் அதற்கும் முன்பே பிரிந்துவிட்டது.

கோயம்புத்தூரில் பிறந்த கலப்புகள் நம் மக்கள் போன இடத்துக்கும் போயின. 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ கப்பலில் ஏறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்ந்த காலத்தில், 1930-களில், அந்தத் தோட்டங்களின் பழைய ஊபா கரும்பை அகற்றி நிரம்பியவை கோ 281, கோ 290, கோ 301 என்ற கோயம்புத்தூர்க் கரும்புகள். கோ 421-ஐயும் கோ 312-ஐயும் கோயம்புத்தூரில் கலந்து விதையாக அனுப்ப, நேட்டாலில் முளைக்க வைத்துத் தேர்ந்தெடுத்த என்.கோ. 310, 1945-இல் வெளியாகிப் பல கண்டங்களில் பயிரானது. பெயரில் உள்ள 'கோ' இன்றும் கோயம்புத்தூரையே சொல்கிறது.

2024-இல் ஆர் 570 என்ற ஆலைக் கரும்பின் மரபுத்தொகுதியை 'நேச்சர்' வெளியிட்டது. ரீயூனியன் தீவில் பிறந்த கரும்பு அது. 114 குரோமோசோம், ஏறத்தாழ 1,000 கோடி எழுத்து. மனிதருடையதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். எந்தத் துண்டு தோட்டத்திலிருந்து வந்தது, எந்தத் துண்டு ஆற்றங்கரையிலிருந்து வந்தது என்று அதில் விரல் வைத்துச் சொல்ல முடிகிறது.

அந்த நுட்பத்தோடு கோ 205-இன் பிறப்புப் பதிவைப் பார்க்கிறேன். தாயின் இடத்தில் பெயர் இருக்கிறது: வெள்ளை. தந்தையின் இடத்தில் பெயர் இல்லை. கோயம்புத்தூர் நாணல் என்று மட்டும் எழுதியிருக்கிறது.